ஆஸ்பத்திரி நாடியும் அடுப்படி நாடியும்

சிவமயம்

திருமயம்,
விளம்பி வருஷம், வைகாசி மாதம்

பினாங்கில் கடையையும் உடம்பையும் ஒருசேரக் கவனித்து வரும் என் மைத்துனன் சிரஞ்சீவி வயிரவனுக்கு, உன் அக்காள் சிவகாமியைக் கட்டிய அடைக்கப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காளும், பசுவும் கன்றும், ஊருணியில் கிடக்கிற கொஞ்சம் தண்ணீரும் நலம். அங்கு நீயும், உன் வீட்டு ஆச்சியும், குழந்தைகளும் நலமாக இருக்க மீனாட்சி சொக்கநாதர் துணை செய்யட்டும். ஊரில் மழை இல்லை. தேவகோட்டையில் கட்டிக்கொடுத்த மகள் போன வாரம் வந்துவிட்டு, வந்த வேகத்திலேயே போனாள். மற்றபடி இந்தக் கடிதம் முழுவதும் என் நாடியைப் பற்றியது. பொறுமையாகப் படி.

உன் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அயித்தான் ஒரு மூன்று வருஷக் கணக்குக்கு வந்து உட்கார்ந்தால் நல்லது, ஆனால் டாக்டர் சான்று இல்லாமல் கப்பல் ஏற வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கடைசி வரியை நீ ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். சிவராத்திரியன்று கோயில் படியில் எனக்குத் தலை சுற்றியதை யாரோ உனக்கு எழுதிவிட்டார்கள். யார் என்றும் தெரியும். அவள் இப்போது அடுப்படியில் இருக்கிறாள். பட்டினியாகக் கிடந்து கண் விழித்தால் குதிரைக்கும்தான் தலை சுற்றும். அதற்கு ஒரு சான்றா? இருந்தாலும் நான் வர ஆசைப்படுகிறேன் என்பதை ஒளிக்கவில்லை. தொழிலை விட்டு ஊரோடு வந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் நான் எங்கே நின்றாலும் அந்த இடத்தைத்தான் அந்நேரம் பெருக்க வேண்டியிருக்கிறது. எங்கே உட்கார்ந்தாலும் அங்கேதான் வற்றல் காயப்போட வேண்டியிருக்கிறது. ரங்கூனிலும் ஈப்போவிலும் அத்தனை வருஷம் இருந்தபோது ‘நம் வீடு, நம் வீடு’ என்று நினைத்து ஏங்கிய ஆள், வந்து பார்த்தால் வீட்டுக்கு என்னைத் தெரியவில்லை. விருந்தாளிக்கு மரியாதையாவது உண்டு. எனக்கு அதுவும் இல்லை. ஆனி மாதக் கப்பலை விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் புதுக்கோட்டைக்குப் போனேன்.

அங்கே ஆண்டியப்பன் என்று ஒரு டாக்டர் புதிதாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். சின்ன வயசு, பெரிய படிப்பு, சீமைக்குப் போய் இதயத்தை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறாராம். மற்ற டாக்டராக இருந்தால் நெஞ்சில் குழாயை வைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார். இவருக்கோ ஓர் ஆராய்ச்சிப் பைத்தியம். “மனுசனுக்கு ஒரு நெருக்கடி வந்தா இதயம் எப்படி ஓடுதுன்னு பாக்கணுங்க. அதையும் ரெண்டு விதமாப் பாக்கணும். நானே இங்க ஒரு நெருக்கடிய உண்டாக்கிப் பாக்கிறது ஒண்ணு. வீட்டுல தானா வர்ற நெருக்கடியில பாக்கிறது ஒண்ணு. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் கையெழுத்து” என்றார். நானும் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

முதல் நெருக்கடி ஒரு வாளி. மீமிசலுக்கு மீனுக்காகப் போகிற ஐஸில் ஒரு துண்டு வாங்கி, மேலே ஒட்டிய மரத்தூளைக் கழுவி, வாளித் தண்ணீரில் போட்டு என் வலக்கையை அதற்குள் விடச் சொன்னார்கள். கம்பவுண்டர் தங்கமுத்து இடக்கை நாடியைப் பிடித்துக்கொண்டார். சீமையில் பெரிய பெரிய துரைகளே இதில் துள்ளுவார்களாம். அக்கினி நட்சத்திரத்தில், வெளியே தார் ரோடு உருகுகிறது, எனக்கு வாளிக்குள் கையை விட்டதும் குற்றாலத்துக்கு வந்த மாதிரி இருந்தது. ‘மற்ற கையையும் விடலாமா’ என்று கேட்டேன். டாக்டர் முகம் சுருங்கியது. அடுத்து, ஒரு பெரிய தொகையைச் சொல்லி அதிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். படித்த பிள்ளைகளுக்கே இதில் வேர்த்துவிடுமாம். வயிரவா, பத்து வயசில் பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்கார்ந்தவனிடம் போய்க் கழித்தல் கணக்கைப் போடச் சொன்னால் தாலாட்டுப் பாடின மாதிரி ஆகாதா? பாதியில் கண் சொருகிவிட்டது. தங்கமுத்து தட்டி எழுப்பினார். அதற்கப்புறம் திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு காகிதப் பையை ஊதி உடைத்தார்கள். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பூட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்த ஆள் நான். பை வெடித்ததில் எகிறியது டாக்டர்தான். கடைசியாக அவரே என்னைத் திட்டிப் பார்த்தார். பாவம், நல்ல குடும்பத்துப் பிள்ளை, ‘நீங்க ஒரு சோம்பேறி’ என்பதற்கு மேல் வரவில்லை. எங்கள் பழைய ஈப்போக் கடை மேலாள் வாயால் வாழ்த்துப் பெற்றவனுக்கு இதெல்லாம் திருநீறு பூசுகிற மாதிரி. நாடி எழுபத்திரண்டிலேயே நின்றது.

“இந்த வயசுல இப்படி ஒரு இதயத்த நான் பாத்ததில்ல” என்று டாக்டர் கையைக் குலுக்கினார். அதோடு கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கடிதம் நாலு வரியில் முடிந்திருக்கும். அவரோ, “இனி வீட்டுல பாக்கணும். ஒங்ககூட எப்பவும் இருக்கிறது யாரு?” என்றார். நான் கொஞ்சம் யோசித்துத்தான் சிவகாமி என்று சொன்னேன். மறுநாளே தங்கமுத்து வந்து, தன் மணிக்கட்டில் எங்கே விரல் வைப்பது என்று காட்ட, உன் அக்காள் தன் மணிக்கட்டிலேயே வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கால் நாழிகைக்குள் பாடம் முடிந்துவிட்டது. வீட்டில் எந்தச் சங்கடம் வந்தாலும் அந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே, என் கையைப் பிடித்து எண்ண வேண்டியது. இதுதான் டாக்டர் உத்தரவு.

நம் வளவு உனக்குத் தெரியும். நாலு பங்காளி வீட்டு அடுப்பும் ஒரே முற்றத்தைப் பார்த்திருக்கிறது. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் நாலு வீட்டிலும் தும்முவார்கள். அங்கே, காலை வேளையில், ஊரே பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, காப்பி திரிந்துவிட்டது. இது ஒரு சங்கடமா என்று கேட்காதே, டாக்டர் சின்னச் சங்கடத்தையும் விடக் கூடாது என்று சொல்லியிருந்தார். உன் அக்காள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, நீ அனுப்பிய கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “கையக் கொடுங்க” என்றாள். கொடுத்தேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோழனும் ஐயரும் சொல்லிப் பிடித்ததோடு சரி, நாலு பேர் பார்க்க அவள் என் கையைப் பிடித்தது அதற்கப்புறம் அன்றைக்குத்தான். முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் சாலா ஆச்சி வாயில் வேப்பங்குச்சியோடு அப்படியே நின்றுவிட்டாள். “என்ன ஆச்சி, இந்த வயசுல பாணிக்கிரகணமா?” என்று அங்கிட்டு இருந்து ஒரு சத்தம். சிவகாமி அசையவில்லை. “நூத்திப் பத்து” என்றாள். நூற்றுப் பத்து, வயிரவா! வெறும் திரிந்த காப்பிக்கு! ஜப்பான் குண்டுக்கு ஓடாத நாடி!

சரி, காப்பியில்தான் கோளாறு என்று காப்பியை நிறுத்தினேன். அடுத்த நாள் பூனை பால் சட்டியைக் கவிழ்த்தது. நூற்றுக்கு மேல். பாலையும் நிறுத்தினேன். அதற்கடுத்த நாள் தபால்காரர் பக்கத்து வீட்டுத் தபாலை நம் வீட்டில் போட்டுவிட்டார். நூற்றுக்கு மேல். தபாலை எப்படி நிறுத்துவது? யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். அது காசுக்கு மட்டும் சொன்னதில்லை, இதயத்துக்கும்தான் என்று எனக்கு அன்றைக்கு விளங்கிற்று.

இதற்கிடையில் கோயில் கும்பாபிஷேகம் பற்றி நகரத்தார் கூட்டம் கூடினார்கள். பந்தலுக்குக் கீற்றா தகரமா என்று பேச்சு முற்றிக் கைகலப்பு வரைக்கும் வந்துவிட்டது. நான் பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கீற்றும் ஒன்று, தகரமும் ஒன்று. யாரோ போய் உன் அக்காளிடம், “ஆச்சி, அங்க செட்டியாரைச் சுத்தி ஒரே சண்டை” என்று சொல்லியிருக்கிறார்கள். ஆண்கள் மட்டும் கூடுகிற கூட்டம். வாசற்படியில் சிவகாமி. நூறு பேரும் ஒரே நேரத்தில் விலகி வழிவிட்டார்கள். நேரே வந்தாள், என் முன்னால் உட்கார்ந்தாள், கையைப் பிடித்தாள். கீற்றுக் கட்சி, தகரக் கட்சி இரண்டும் சேர்ந்து என் மணிக்கட்டைப் பார்த்தன. எனக்குக் காது மடல் வரைக்கும் சூடு. “நூத்திப் பதினாறு” என்று எழுந்து, “பந்தலக் கீத்துலயே போடுங்க, வெயில் காலம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கீற்று என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து தெருவில் போனால், “செட்டியாரே, இன்னைக்கு எத்தனை?” என்று கேட்கிறார்கள்.

இதைக் கேள்விப்பட்டு டாக்டர் நேரில் பார்த்துவர தங்கமுத்துவை அனுப்பினார். அவர் வந்த அன்றைக்கு வீட்டில் ஒரு சங்கடமும் வரவில்லை. ஏமாற்றத்தோடு கிளம்பியவரை நானே வண்டியில் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். வழியில் எதிரே வந்த லாரி ஹாரன் அடிக்க, மயிலைக்காளை மிரண்டு, வண்டி குடை சாய்ந்து, நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்காரக் கருப்பனும் வாய்க்கால் சேற்றில். கருப்பன், “ஐயா போச்சே! ஐயா போச்சே!” என்று அலறுகிறான். தங்கமுத்து கடமை தவறாத மனுஷன், இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு என் நாடியைப் பிடித்தார். எழுபத்துநாலு. அவருடைய நாடியை நான் பிடித்துப் பார்த்தேன், அதுதான் காளையைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக வண்டி கவிழ்வது ஒரு பொருட்டே இல்லை. அப்படியே சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்து நின்றேன். உன் அக்காள் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். “எண்ண முடியலையே, எண்ண முடியலையே” என்றாள். அவ்வளவு வேகம்! வாய்க்காலில் எழுபத்துநாலு, வாசலில் எண்ணிக்கை இல்லை. இந்த வீட்டு நிலைப்படியிலேயே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, எலுமிச்சம்பழம்கூட அறுத்து வைத்தேன்.

கடைசியில் இரண்டு பேருமாக பஸ் ஏறி டாக்டரிடம் போனோம். பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் சீட்டில், நான் பின்னால். டிரைவர் பிரேக் போட்ட ஒரு தடவை, அவள் எழுந்து கம்பியைப் பிடித்து நடந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டாள். கண்டக்டர், “ஏம்மா, பெரியவரு டிக்கெட்டு எடுக்கலையா?” என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் தானே பிடித்துப் பார்த்தார், எழுபத்திரண்டு. சிவகாமி சொன்ன எண்களை எல்லாம் கேட்டார். முன்மண்டையைத் தேய்த்துக்கொண்டார். “நான் எவ்வளவு நெருக்கினாலும் இந்த இதயம் அசைய மாட்டேங்குது. வீட்டுல பூனை வந்தாக்கூட ஓடுது. வீட்டுல என்னமோ ஒங்கள அரிக்குது. அது என்னன்னு தெரியாமக் கையெழுத்துப் போட மாட்டேன். கொஞ்ச நாள் வீட்ட விட்டுத் தள்ளி இருந்துதான் பாக்கணும்” என்றார்.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வீட்டை விட்டுத் தள்ளி என்றால் பினாங்கைவிடத் தள்ளி எங்கே இருக்கிறது? ‘பார்த்தாயா, டாக்டரே சொல்லிவிட்டார்’ என்று நான் திரும்பினால், உன் அக்காள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்புகிற பஸ்ஸில் டிரைவர் எத்தனை தடவை பிரேக் போட்டாலும் எழுந்து வரவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டுத்தான் வாய் திறந்தாள். “அப்ப ஒங்க ஒடம்புக்கு ஆகாதது நாந்தான். இத்தன வருசம் கடலுக்கு அங்கிட்டு நல்லா இருந்தீங்க. இங்கிட்டு வந்துதான் கெட்டுப்போச்சு. போங்க, கப்பலுக்கே போங்க. நல்லா இருந்தாப் போதும்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். மறுநாளே மாங்காய் வாங்கி ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டாள். என் பழைய டிரங்குப் பெட்டியைத் தட்டித் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள். எனக்கு நெஞ்சில் என்னமோ செய்கிறது. ஆனால் அது டாக்டர் கேட்கிற நெஞ்சு இல்லை என்பதால் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஆகவே, வயிரவா, நான் உன்னைக் கேட்டுக்கொள்வது இதுதான். சான்று, கையெழுத்து என்று நிற்காதே. வாளி, கழித்தல், காகிதப் பை, லாரி, வாய்க்கால் எல்லாவற்றிலும் தேறிய இதயம் இது. கெட்டது இந்த வீட்டில் மட்டும்தான், அந்த வீட்டைத்தான் விட்டுவிட்டு வருகிறேனே. ஆனி மாதக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிடு. உன் அக்காளுக்கும் ஒரு கடிதம் எழுது, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று. தம்பி சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் என் கையைப் பிடித்துப் பார்ப்பாள்.

உன் வீட்டு ஆச்சிக்கு என் விசாரிப்பு. குழந்தைகள் நோயற்று நீண்டு வாழ்ந்து, கழித்தல் கணக்கில் தூங்காமல் தேற என் ஆசீர்வாதம். கப்பல்துறைக்கு நீயே வந்து நில், பினாங்குப் படிகள் வழுக்கும்.

இப்படிக்கு,
உன் அயித்தான்,
அடைக்கப்பன்

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருக்கும்போது உன் அக்காள் வந்தாள். ஊறுகாயை ஜாடியில் வைப்பதா டின்னில் வைப்பதா என்று கேட்க வந்தவள், கேட்டுவிட்டும் நின்றுகொண்டிருந்தாள். “போறதுக்கு முந்தி ஒரே ஒரு தடவ பாத்துக்கிரட்டுமா?” என்றாள். இடக்கையைக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து வளவே தூங்குகிறது. காப்பி இல்லை, பூனை இல்லை, தபால் இல்லை, பார்க்க ஒரு சாலா ஆச்சிகூட இல்லை. நாடியோ தறிகெட்டு ஓடுகிறது, எனக்கே காதில் கேட்கிறது. “இப்ப என்ன நடந்துச்சு?” என்று கேட்டேன். “ஒண்ணும் நடக்கலையே” என்றாள். தங்கமுத்து சேற்றில் பிடித்தபோது இது ஏன் ஓடவில்லை, டாக்டர் பிடித்தபோது ஏன் ஓடவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன். கழித்தல் கணக்கில் பெயர் வாங்கியவன், இதைக் கழித்துப் பார்க்க இத்தனை நாள் ஆயிற்று எனக்கு.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். “என்னுத எதுக்குப் பாக்கிறீங்க? நான் என்ன கப்பலுக்கா போறேன்?” என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடவில்லை. வயிரவா, என்னுடையது நடை, அவளுடையதுதான் ஓட்டம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், மூன்று வருஷம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று நான் போய்ப் போய் வந்ததில், இவளுடைய நாடி எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இரண்டு பேருக்குமே இது புதுசு.

ஆகையால் மேலே எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. டிக்கெட் எடுக்க வேண்டாம். கடைக்கு என் பங்காளி மகன் திருப்பதியை அனுப்புகிறேன், நல்ல பையன், ஊறுகாயையும் அவன் கொண்டுவருவான். டாக்டருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, சின்ன வயசுப் பிள்ளை, வெட்கமாக இருக்கிறது. இந்தப் பின்குறிப்பை உன் வீட்டு ஆச்சியிடம் படித்துக் காட்டாதே. இன்றைக்கே அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் கவரை மடித்து ஒட்ட இரண்டு கை வேண்டும், இடக்கையை இவள் இன்னும் விடவில்லை. அதனால் இது நாளைத் தபாலில்தான் வரும்.